எழும்பும்போது உங்கள் பெயரையும் எடுத்துக்கொண்டு போங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சீனன்குடாவிலிருந்து எழுதுகிறேன். கோணேசபுரியில் இருக்கும் உங்கள் வளாகத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் இருக்கிறீர்கள். கணினி விஞ்ஞானம், தொடர்பாடல், வணிகம், சித்த மருத்துவம் என்று படிப்பு எதுவானாலும் ஒப்படை எழுதவும் தரவைப் பகுப்பாய்வு செய்யவும் என்றைக்காவது ஒருநாள் கணினிக்கூடத்தில் ஒரு கதிரையில் உட்காரத்தான் வேண்டும். அந்தக் கதிரையில் உங்களுக்கு முன் ஒருவர் இருந்திருப்பார், பின் ஒருவர் இருப்பார். அவர்கள் இருவருக்கும் நீங்கள் செய்யவேண்டியதைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் கூடங்களின் மீதோ அவற்றைப் பராமரிப்பவர்கள் மீதோ முறைப்பாடு வைக்க எழுதவில்லை. பலர் மாறி மாறிப் பாவிக்கும் கணினி எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் நான் சொல்வது பொருந்தும். ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கில் உள்ளே வரவேண்டும், எழும்புமுன் அதை முழுமையாக மூடவேண்டும். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் என்ற வசதியை நீங்களே வேண்டாம் என்று சொல்லவேண்டும். இதுதான் என் கோரிக்கை. சின்ன விடயமாகத் தோன்றும். ஏன் சின்னதல்ல என்று விளக்க எனக்குக் கொஞ்சம் இடம் தாருங்கள்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, பலரிடம் மடிக்கணினியும் இருக்கிறது, கணினிக்கூடத்தின் காலம் போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நிலவரம் அப்படி இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டுக் கணினி அறிவு ஆய்வில், மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் நாடு முழுவதிலும் ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான் இருந்தன. அதன் பிறகு 2022 வந்தது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயளவுக்குப் போனது. இறக்குமதியாகும் பொருளான மடிக்கணினியின் விலையும் அதோடு ஏறியது. மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் விடுதிச் சாப்பாட்டையும் பஸ் காசையும் சமாளிக்கும் ஒருவருக்கு அது எட்டாத விலை. போனில் ஒரு விரிவுரையைப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தவோ ஒரு பெரிய தரவு அட்டவணையைப் புள்ளிவிபர மென்பொருளில் ஓட்டவோ முடியாது. சொந்தக் கணினி இல்லாத மாணவருக்கு அந்தக் கூடத்தை விட்டால் வேறு வழியில்லை. அது ஒழுங்காக இயங்காவிட்டால் நட்டம் முதலில் அவருக்குத்தான். மடிக்கணினி வைத்திருப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவார்.

பாஸ்வேர்ட் என்பதே பொதுக் கணினிக்காகப் பிறந்தது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961 இல் பெர்னாண்டோ கொர்பாத்தோவும் அவரது குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்து காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு முனையத்திலிருந்து பாவிக்க அது வழிசெய்தது. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இயந்திரத்தில் கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்கவும், யார் எவ்வளவு நேரம் பாவித்தார் என்று கணக்கு வைக்கவும் ஆளுக்கொரு பெயரும் இரகசியச் சொல்லும் கொடுத்தார்கள். மறுவருடமே அது மீறப்பட்டது. அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர் தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், பாஸ்வேர்ட் கோப்பை அப்படியே அச்சிட்டு எடுத்தார். மற்றவர்களின் நேரத்தில் தன் வேலையை ஓட்டினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே அதை வெளியில் சொன்னார். 1966 இல் இன்னொன்று நடந்தது: ஒரு மென்பொருள் கோளாறால், உள்ளே வருபவர்களுக்கு அன்றைய அறிவித்தல் தெரியவேண்டிய இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாகத் தெரிந்தது. முதல் சம்பவத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஷேர் யாருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். நேரப் பற்றாக்குறைதான் அவரை அடுத்தவர் கணக்குக்குள் தள்ளியது. ஒப்படை கொடுக்கும் கடைசி நாளில் கணினிகள் குறைவாகவும் ஆட்கள் கூடுதலாகவும் இருக்கும் எந்த அறையிலும் அதே நெருக்கடி இருக்கிறது. ஆகவே யாருடைய நல்ல மனதையும் நம்பி இதை விட்டுவிட முடியாது.

உங்கள் தலைமுறைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. உங்களில் பெரும்பாலானோர் முதலில் தொட்ட கணினி போன்தான். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வந்தன. அன்று வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் பல்கலைக்கழகங்களுக்கான லேர்ன் வலையமைப்பின் ஊடாக ஸூம் விரிவுரைகளைப் பார்த்தார்கள், அவர்களிலும் பலர் போனில்தான். போனில் யாரும் லொக் அவுட் செய்வதில்லை. ஒருதடவை உள்ளே போனால் அந்தப் போன் பழுதாகும்வரை உள்ளேதான். திரை அணைந்தால் வேலை முடிந்தது. அந்தக் கைப்பழக்கத்தோடு கணினிக்கூடத்துக்கு வருபவர் ஜிமெயில் பார்த்த ஜன்னலை மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு எழும்புகிறார். மூடியது ஜன்னலை மட்டும்தான். கூகிளுக்கும் அந்தக் கணினிக்கும் இடையே இவர் இன்னார்தான் என்று ஒப்புக்கொண்ட சிறு கோப்பு, குக்கி என்பது, உலாவிக்குள் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் குரோமைத் திறந்து ஜிமெயில் என்று தட்டினால் பாஸ்வேர்ட் கேட்காமலே உங்கள் கடிதப்பெட்டி விரியும். விட்ட இடத்திலிருந்து தொடர் என்ற அமைப்பை யாராவது போட்டு வைத்திருந்தால் தட்டவே வேண்டியதில்லை, குரோம் திறந்ததும் உங்கள் பக்கம் தானாக வந்து நிற்கும்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஜிமெயிலுக்குள் போனதும், உலாவியையும் இந்தக் கணக்கோடு இணைக்கட்டுமா என்று குரோம் கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால், உங்கள் போனில் அந்தக் கூகிள் கணக்கில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள் அந்தப் பொதுக் கணினியிலும் கிடைக்கும்: முகநூல், இணையவழி வங்கி, பல்கலைக்கழகக் கற்றல் தளம், எல்லாம். சேமித்த பாஸ்வேர்டைத் திரையில் காட்டுமுன் குரோம் அந்தக் கணினியின் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அந்த விண்டோஸ் பாஸ்வேர்ட் எல்லோருக்கும் பொதுவானதாக, வெண்பலகையின் மூலையில் எழுதிவைத்ததாக இருந்தால்? அந்த அறையில் உள்ள எவரும் அதைத் தட்டி உங்கள் வங்கிப் பாஸ்வேர்டை வாசிக்கலாம். வட்ஸ்அப்பும் இப்படித்தான். போனை ஒருதடவை காட்டி இணைத்த கணினி, அதைத் துண்டிக்கும்வரை இணைந்தே இருக்கும். போனைத் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் பாவிக்காமல் விட்டால் அது தானாக அறும். போனைப் பதினாலு நாள் தொடாமல் இருக்கும் மாணவர் யார் இருக்கிறார்? ஒரு படத்தை அச்சிட எடுக்கவென்று திறந்த வட்ஸ்அப், வீட்டாரோடும் நண்பர்களோடும் நடக்கும் பேச்சையெல்லாம் மாதக்கணக்கில் அந்த மேசையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பெண்பிள்ளையின் கணக்கென்றால் இதன் விளைவு எங்கே போய் முடியும் என்று நான் விபரிக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் அவரவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் புத்திமதியாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். என் கணக்கு, என் நட்டம், உங்களுக்கென்ன என்று அதற்கு ஒரு பதிலும் வரும். அந்தப் பதில் ஏன் செல்லாது என்று காட்டச் சீனன்குடாப் புகையிரத நிலையத்துக்கு உங்களை அழைக்கிறேன். 1927 இலிருந்து கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு ஓடும் பாதை ஒற்றைத் தண்டவாளம். இப்படிப்பட்ட பாதைகளில் இலங்கைப் புகையிரதம் நெடுங்காலமாக நம்பியிருந்தது டெப்லெட் என்ற ஓர் உலோகத் துண்டை. வளையம் வைத்த பைக்குள் போட்டு அதை நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பார். அது கையில் இல்லாமல் அடுத்த நிலையம்வரையான பகுதிக்குள் எந்த வண்டியும் போகக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் சாரதி அதை அந்த நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். இரு முனைகளிலும் உள்ள பொறிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், அது திரும்பிப் பொறிக்குள் போகும்வரை அந்தப் பகுதிக்கு இன்னொன்றை எடுக்க முடியாது. டெப்லெட்டை ஒப்படைப்பது சாரதி தன் பாதுகாப்புக்காகச் செய்யும் காரியம் அல்ல, அவர்தான் வந்து சேர்ந்துவிட்டாரே. அடுத்த வண்டிக்கு அந்தப் பாதையைத் திறந்துவிடுவதற்காகச் செய்வது. லொக் அவுட்டும் அந்த வகைதான். மூடாமல் விட்ட கணக்கில் வந்து உட்காருபவர் தன்னையறியாமல் உங்கள் பெயரில் வேலை செய்யத் தொடங்குகிறார். தன் ஒப்படையை உங்கள் டிரைவில் சேமிக்கிறார். உங்கள் பெயரில் விரிவுரையாளருக்கு அனுப்பிவிட்டு, ஏன் பெறுபேறு வரவில்லை என்று தேடுகிறார். அவரிடம் தப்பு இல்லை. நீங்கள் மூடியிருந்தால் அவருக்கு அந்தக் கணினி ஒரு சுத்தமான கணினியாகக் கிடைத்திருக்கும்.

சட்டத்தையும் ஒருதரம் பாருங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, அதிகாரமில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு கணினிக்குள் அல்லது அதிலுள்ள தகவலுக்குள் போக முனைவதைக் குற்றமாக்குகிறது: ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத தண்டம், அல்லது ஐந்து வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். திறந்து கிடந்தது, போனேன் என்பது விளையாட்டாகத் தோன்றலாம்; சட்டத்தின் கண்ணில் அது விளையாட்டாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இனி எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து யாரோ ஒருவர் ஒரு மாணவியின் படத்தைத் திருத்திப் பரப்பினார், அல்லது ஒரு மதத்தைப் பழித்து எழுதினார் என்று வைப்போம். பதிவேட்டில் இருப்பது கணினியின் எண், நேரம், எல்லோருக்கும் பொதுவான அந்தப் பெயர். ஆளைக் காட்ட அதில் ஒன்றுமில்லை. அப்போது விசாரணை எப்படி நடக்கும்? அந்த நேரத்தில் யார் அந்தப் பக்கம் போனார்கள், யாருக்கு யாரோடு மனக்கசப்பு, யார் எந்த ஊர், எந்த இனம் என்றுதான் போகும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து படிக்கும் வளாகத்தில் சாட்சி இல்லாத சந்தேகம் எந்த வழியால் ஓடும் என்பது இந்த மாவட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். என்னைப் பொறுத்தவரை தனிக் கணக்குக்கான வாதங்களில் மிகப் பலமானது இதுதான். நான் இல்லை என்று சொல்ல ஒரு ஆதாரத்தை அது உங்கள் கையில் தருகிறது.

இங்கேதான் மிக நேர்மையான மறுப்பு எழுகிறது. ஆளுக்கொரு கணக்கு என்றால், யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தளத்தைப் பார்த்தார் என்று நிருவாகம் வேவு பார்க்கலாம் அல்லவா? முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதான மாகாணம் இது. 2024 இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பொதுப் பெயரின் கூட்டத்துக்குள் மறைந்திருப்பதே பத்திரம் என்று ஒருவர் நினைத்தால் அந்தப் பயத்தை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அந்த மறைவு பொய்யானது. வாசலில் கமரா இருக்கலாம், வருகைப் புத்தகத்தில் ஒப்பம் இருக்கலாம், நீங்கள் முகநூலுக்குள் போனது உங்கள் சொந்தப் பெயரில். தேடுகிறவர் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். அதே நேரம், நீங்கள் செய்யாத ஒன்றிலிருந்து உங்களை விடுவிக்க அங்கே எதுவும் இருக்காது. பயத்துக்குச் சரியான மருந்து எழுத்தில் உள்ள விதி. எந்தெந்த விபரம் பதிவாகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் கேட்டால் யாருடைய ஒப்புதலோடு காட்டுவார்கள் என்று எழுதிக் கூடத்தின் கதவில் ஒட்டவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை ஒரு குறித்த நோக்கத்துக்காக மட்டும் எடுக்கவேண்டும், தேவையான காலத்துக்கு மட்டும் வைத்திருக்கவேண்டும் என்ற கோட்பாடுகளை ஏற்றிருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தாமதித்தாலும், அந்தக் கோட்பாடுகளைக் காட்டிக் கேட்க உங்களுக்கு இன்றே உரிமை உண்டு. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கணினி எண் இவ்வளவும் போதும். பார்த்த தளங்களின் பட்டியல் வேண்டாம் என்று நீங்கள் வாதாடினால் உங்கள் பக்கம்தான் நானும் நிற்பேன்.

பாஸ்வேர்டைப் பகிர்வது நட்பின் அடையாளம் என்ற எண்ணமும் இருக்கிறது. ஒரே பட்ச், ஒரே அறை, ஒரே சாப்பாட்டுப் பார்சல்; பாஸ்வேர்டில் மட்டும் என்ன இரகசியம்? இதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் நண்பர் கேட்டால் கொடுப்பது என்ற வழக்கம் வந்துவிட்டால், சீனியர் கேட்டாலும் கொடுக்கவேண்டி வரும். புதிதாக வந்த முதலாம் வருடப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தும் பலமில்லாதவரைச் சட்டத்துக்கு முன்னே காப்பாற்றுவது எல்லோரும் கடைப்பிடிக்கும் பழக்கம்தான். யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது அறையின் வழக்கமாக இருந்தால், அந்தப் பிள்ளை இல்லை என்று தனியாக நின்று சொல்லவேண்டிய தேவையே வராது.

இதெல்லாம் கணினிக்கூடத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரின் வேலை அல்லவா, மாணவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்றும் கேட்பீர்கள். பாதி சரி. கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. டீப் ஃபிரீஸ் அவற்றில் பெயர்போனது. அதைப் போட்டு வைப்பது நிருவாகத்தின் கடமை. ஆனால் அது வேலை செய்வது கணினி மறுபடி தொடங்கும்போதுதான். நீங்கள் எழும்பி அடுத்தவர் உட்காரும் அரை நிமிடத்தில் யாரும் கணினியை அணைப்பதில்லை. அதோடு, அது குக்கியை அழிப்பதுபோலவே டெஸ்க்டொப்பில் நீங்கள் சேமித்த ஆய்வுக் கட்டுரையையும் அழித்துவிடும். மின்வெட்டு வந்தாலும் அதே கதி. மென்பொருள் அழிக்கிற அறையில் தன் கோப்பைத் தானே பத்திரப்படுத்தும் பழக்கமும் கூட வரவேண்டும். அதற்குப் பலர் நம்பியிருப்பது பென்ட்ரைவை. கணினிக்கூடத்தில் குத்தி, பிறகு அச்செடுக்கக் கொமினிகேஷன் கடையில் குத்தி, மறுபடி கூடத்தில் குத்துவதால், ஷோர்ட்கட் வைரஸ் கடைக்கும் கூடத்துக்கும் இடையே பஸ் பிடித்ததுபோல் வந்து போகிறது. பென்ட்ரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் இருக்கும். மூலையில் சின்ன அம்புக்குறி, அளவைப் பார்த்தால் ஓரிரண்டு கிலோபைட். உண்மையான கோப்புறைகள் ஒளிக்கப்பட்டிருக்கும். அந்தப் போலியை இரட்டைச் சொடுக்குச் செய்தவுடன் வைரஸ் அந்தக் கணினிக்குள் ஏறும். 2011 இல் மைக்ரோசொஃப்ட் பென்ட்ரைவ்கள் தாமாக ஓடத் தொடங்கும் வசதியை நிறுத்தியது உண்மைதான். ஆனால் இது ஓடுவதற்கு உங்கள் சொடுக்கு ஒன்றே போதும். அம்புக்குறியைக் கண்டால் சொடுக்காமல் உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள்.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் பாமினியில் அடிக்கிறார், இன்னொருவர் யூனிகோட், மூன்றாமவர் சிங்களத்தில் விஜேசேகர. முன்னவர் மாற்றி வைத்த மொழி அப்படியே இருந்தால், பின்னவர் பாஸ்வேர்டை மூன்றுதரம் பிழையாக அடித்துப் பூட்டுப்பட்டு நிற்பார், தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு. தனிக் கணக்கில் அவரவர் மொழி அமைப்பு அவரவரோடு போகும், அடுத்தவரைத் தொடாது.

என்ன செய்யலாம்? இன்றைக்கே போனை எடுத்து வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைப் பாருங்கள். கூகிள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் வெளியேற்றிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூடத்தில் குரோமின் மறைநிலை ஜன்னலைப் பாவியுங்கள். அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால் குக்கியும் போய்விடும். தரவிறக்கிய அடையாள அட்டைப் பிரதியை, பெறுபேற்றுத் தாளை அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலியாக்குங்கள். யாராவது திறந்து விட்டுப்போன கணக்கு கண்ணில் பட்டால், ஒன்றையும் வாசிக்காமல் வெளியேறு என்பதை அழுத்துங்கள்.

மற்றது நீங்கள் தனியாகச் செய்ய முடியாத வேலை. மாணவர் ஒன்றியம் பீடச் சபைக்கு ஒரு கோரிக்கை எழுதட்டும். தமிழ் பேசும் மாணவர்களும் சிங்கள மாணவர்களும் சேர்ந்து ஒப்பமிடட்டும். பொதுப் பெயரில் நுழையும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது நிற்கவேண்டும். மாணவர் இலக்கத்தோடு ஆளுக்கொரு கணக்கு வேண்டும். பதிவேடு பற்றிய விதி மூன்று மொழியிலும் கதவில் வேண்டும். ஒப்படைக் காலத்தில் கூடம் திறந்திருக்கும் நேரம் கூடவேண்டும். கடைசிக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். நேரம் போதாதவரைத் திருடராக்கும் அறையில் எந்தப் பாஸ்வேர்டும் நிற்காது என்பதை எம்.ஐ.டி.யில் 1962 இல் நடந்ததே காட்டிவிட்டது. புதிய பட்ச் உள்ளே வருமுன் இதைச் செய்ய முடிந்தால், வருபவர்கள் முதல் நாளே தங்கள் பெயரில் உட்காருவார்கள்.

அன்புடன்,
சீனன்குடாவிலிருந்து